பழைய வீட்டுக்கு மறு வயரிங்: எந்த இடத்தில் எவ்வளவு பணம் போனது

கும்பகோணத்தில் 1979இல் கட்டப்பட்ட எங்கள் வீட்டுக்கு 2025இல் முழுமையாக மறு வயரிங் செய்தோம். 1,050 சதுர அடித் தரைத்தளம். கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை, பூஜையறை, இரண்டு குளியலறை, முன்வாசல் வராண்டா, கொல்லைப்புறம் ஆகியவை அதில் அடக்கம். ஃபேன், விளக்கு, பெயின்ட் ஆகியவற்றைச் சேர்க்காமல் 1,81,520 ரூபாய் செலவானது. வேலை தொடங்கும்போது எங்கள் கையில் இருந்த ஒரே எண், எலக்ட்ரீஷியன் கொடுத்த 41,200 ரூபாய்க் கூலி மதிப்பீடுதான். அது மொத்தத்தில் கால் பங்குக்கும் குறைவு. அவர் நேர்மையாகத்தான் கணக்குப் போட்டிருந்தார், ஒரு ரூபாய் கூட ஏமாற்றவில்லை. பழைய வீட்டு வயரிங்கில் ‘பாயிண்ட் ரேட்’ (ஒரு விளக்குக்கோ பிளக்குக்கோ வயரிங் செய்ய இவ்வளவு என்ற கூலி) என்று நாம் கேட்டு வாங்கும் எண்ணுக்கு வெளியே என்னென்ன செலவுகள் நிற்கின்றன என்பதை, எங்கள் பில்களை வைத்தே எழுதுகிறேன். தொகைகள் எங்கள் ஊரில் அந்த ஆண்டில் நாங்கள் கொடுத்தவை. சென்னையிலோ கோவையிலோ கூலி இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

பழைய வயரிங் தேக்கு ரீப்பர்களின் மேல் கிளிப் அடித்து ஓட்டப்பட்ட அலுமினிய வயர். பிற்பாடு ஏ.சி., கீசர் என்று ஒவ்வொன்றாக வந்தபோது ஆங்காங்கே செம்பு வயரை அதனுடன் முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. செம்புடன் சேரும் இடத்தில் ஈரப்பதமும் சேர்ந்தால் அரிப்பு உண்டாகும். சூட்டில் விரிந்து சுருங்கி இணைப்பு தளரும். தளர்ந்த இணைப்பு மேலும் சூடாகும். சமையலறை போர்டைக் கழற்றியபோது அத்தகைய ஓர் இணைப்பின் மேல் இருந்த டேப் கரிந்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. விளக்கு சர்க்யூட்டுகளில் எர்த் வயரே கிடையாது. மூன்று துளை சாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் மேல்துளைக்குப் பின்னால் எதுவும் இணைக்கப்படவில்லை. மெயின் போர்டில் பீங்கான் ஃபியூஸ் கேரியர்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று எந்தக் காலத்திலோ யாரோ தடித்த கம்பியைக் கட்டியிருந்தார்கள்.

முழுவதும் மாற்ற வேண்டுமா, கெட்ட பகுதியை மட்டும் மாற்றினால் போதாதா என்பது செலவைப் பொறுத்தவரை முதல் கேள்வி. இதற்கு ஊகமாக யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. மெயினை அணைத்து, சாதனங்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு சர்க்யூட்டிலும் 500 வோல்ட் மெக்கர் (உறையின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் வயரின் உறை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் பின்பக்கப் படுக்கையறை 0.3 காட்டியது, கூடம் 1ஐ ஒட்டி நின்றது, 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு தனியாகப் போட்ட ஏ.சி. லைன் ஒன்றுதான் நல்ல நிலையில் இருந்தது. இந்தச் சோதனைக்கு எலக்ட்ரீஷியன் வாங்கியது 500 ரூபாய்; மொத்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. மெக்கர் இல்லாமல், டெஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு “எல்லாத்தையும் மாத்திடணும்” என்று சொல்பவரிடமும் “இன்னும் பத்து வருஷம் ஓடும்” என்று சொல்பவரிடமும் மேற்கொண்டு பேசாமல் இருப்பது நல்லது.

மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டோம். ஒருவர் சதுர அடிக்கு 60 ரூபாய் வீதம், அதாவது 63,000 ரூபாய், சுவர் வெட்டுவது உட்பட என்றார். இன்னொருவர் நாள் கூலி கேட்டார்: தமக்கு 1,100, உதவியாளருக்கு 750. மூன்றாமவர் பாயிண்ட் கணக்கு: சாதாரண பாயிண்டுக்கு 500, ஏ.சி., கீசர் போன்றவற்றுக்கான பவர் பாயிண்டுக்கு 800, டி.பி. பெட்டி (மின்சாரத்தை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) பொருத்த 3,000. சுவர் வெட்டும் வேலையும் எர்த்தும் தனி. நாள் கூலி முறையில் வேலை எப்போது முடியும் என்பதற்குப் பிடிமானமே கிடையாது. பழைய வீட்டில் அது ஆபத்து. சதுர அடிக் கணக்கு புது வீட்டுக்குப் பொருந்தும். பழைய வீட்டில் எத்தனை போர்டுகள், எவ்வளவு நீளம் என்று பார்க்காமலே சொல்லப்படுவதால், தமக்கு நட்டம் வராத அளவுக்கு அவர் மேலே வைத்துத்தான் சொல்வார். பாயிண்ட் கணக்கையே தேர்ந்தெடுத்தோம்.

ஆனால் பாயிண்ட் என்று எதைச் சொல்கிறோம் என்பதை எழுதி வாங்காவிட்டால் அந்தக் கணக்குக்கும் அர்த்தமில்லை. ஒரு விளக்கும் அதன் சுவிட்சும் ஒரு பாயிண்ட் என்பதில் யாருக்கும் சண்டை வராது. சுவிட்ச் போர்டிலேயே இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கைச் சிலர் அரை பாயிண்டாகவும் சிலர் முழு பாயிண்டாகவும் எண்ணுகிறார்கள். இரு இடத்திலிருந்து இயக்கும் டூ-வே சுவிட்ச் பலருக்கும் இரண்டு பாயிண்ட். டி.பி.யிலிருந்து போர்டு வரை வரும் லைன் பாயிண்டுக்குள் அடங்குமா, மீட்டர் கணக்கில் தனியா என்பதுதான் பெரிய வித்தியாசம். அறை அறையாக நின்று சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் குறியிட்டு, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம்: சாதாரண பாயிண்ட் 62, பவர் பாயிண்ட் 9, டி.பி.யிலிருந்து வரும் லைன்கள் அதிலேயே அடக்கம். 31,000, 7,200, 3,000 சேர்ந்து 41,200 ரூபாய். அவரிடம் அரசு வழங்கும் கம்பியாள் தகுதிச் சான்றிதழ் இருந்தது; அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டோம்.

வயரின் தடிமனைச் சுமைதான் முடிவு செய்ய வேண்டும். 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. முழு ஓட்டத்தில் ஏழு ஆம்பியரை ஒட்டி நிற்கும். விளக்கு, ஃபேன் சர்க்யூட்டுகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், சுவிட்சிலிருந்து விளக்குக்கு 1, பவர் பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4, மீட்டரிலிருந்து டி.பி.க்கு 6 என்று முடிவானது. 2.5 வயருக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), 4 வயருக்கு 20 என்று, வயர் தாங்கும் அளவுக்குக் கீழேயே எம்.சி.பி. இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். எல்லா இடத்திலும் ஒரு அளவு தடித்த வயர் போட்டால் நல்லதுதானே என்று கடைக்காரர் வற்புறுத்தினார். விளக்குக்கு 2.5 போட்டால் பணமும் வீண். குழாய்க்குள் அடைசலாகி இழுப்பதும் கடினம். சுவிட்சின் திருகுக்கடியிலும் சரியாக உட்காராது.

பொருளை நாங்களே வாங்கினோம். 90 மீட்டர் சுருள் ஒன்று 1 சதுர மில்லிமீட்டர் 1,550 ரூபாய், 1.5 என்றால் 2,250, 2.5 என்றால் 3,600, 4 என்றால் 5,400. முறையே 6, 5, 4, 2 சுருள்கள் ஆயின. மெயினுக்கான 6 அளவு வயர் 3,500. வயருக்கு மட்டும் 49,250 ரூபாய். மொத்தச் செலவில் தனிப் பெரும் தொகை இதுதான். செம்பின் விலை ஏறினால் வயர் விலையும் உடனே ஏறும் என்பதால், மதிப்பீடு வாங்கிவிட்டு மாதக் கணக்கில் தள்ளிப்போட்டால் கணக்கு மாறிவிடும். வயரின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் அச்சிட்டிருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால், எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். கடையிலேயே நின்று அதைப் பார்ப்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை. குழாய், ஜங்ஷன் பாக்ஸ், ஸ்டீல் பாக்ஸ், பெண்ட் முதலியவை 11,800. சுவிட்ச், சாக்கெட், ரெகுலேட்டர், பிளேட் எல்லாம் 27,400. இதில் குறைக்க இடமிருந்தது: அதே நிறுவனத்தின் எளிய வரிசையை எடுத்திருந்தால் பத்தாயிரம் வரை மிச்சம், வீட்டில் மற்றவர்களின் விருப்பம் வேறாக இருந்ததால் அதை நான் வாதிடவில்லை.

இனி சுவர். எலக்ட்ரீஷியன் முதல் நாளே சொன்னார்: “சார், வயருக்கு ரேட் நான் கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். உங்க செவரு என்ன பண்ணும்னு தொறந்தாத்தான் தெரியும்.” புது வீட்டில் கூரை போடும்போதே குழாய் உள்ளே போய்விடுகிறது, பூச்சுக்கு முன்பே சுவரில் குழாய் புதைந்துவிடுகிறது. இங்கே முடிந்துபோன சுவரை மறுபடி வெட்ட வேண்டும். கட்டிங் மெஷினால் இரண்டு இணைகோடு கிழித்து, நடுவில் இருப்பதை உளியால் கொத்தி எடுப்பார்கள். எங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்து. மெஷின் போட்ட கோட்டுக்குள் நிற்காமல் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஒரு அங்குல அகலம் திட்டமிட்ட காடி சில இடங்களில் நான்கு அங்குலமானது. சமையலறைக்கும் பூஜையறைக்கும் இடையே இருப்பது நாலரை அங்குலச் சுவர். அதன் இரு பக்கமும் எதிரெதிராக வெட்டினால் நடுவில் எதுவும் மிஞ்சாது என்பதால் ஒரு பக்கத்துப் போர்டை இரண்டு அடி தள்ளி வைத்தோம். கிடைமட்டமாக நீளக் காடி எடுப்பதும் சுவரைப் பலவீனமாக்கும். கூரையை ஒட்டி மேலே ஓட்டி, போர்டுக்கு நேர் கீழே இறக்குவதுதான் முறை. கான்கிரீட் கூரையை வெட்டவே கூடாது. உள்ளே இருக்கும் கம்பியை மெஷின் தொட்டுவிட்டால் அந்தச் செலவு வேறு வகையில் வரும். அதனால் ஃபேன்களுக்கு மட்டும் கூரையில், மேலேயே ஒட்டி வைக்கும் பி.வி.சி. கேசிங் பட்டைக்குள் வயரைக் கொண்டுபோனோம். வெள்ளைக் கூரையில் வெள்ளைக் கேசிங். நிமிர்ந்து தேடினால்தான் தெரியும்.

வெட்டும் கூலி ஓர் அடிக்கு 25 ரூபாய் வீதம் 420 அடிக்கு 10,500. வெட்டிய இடத்தைக் கொத்தனார் அடைத்ததற்குக் கூலியும் சிமென்ட், மணலும் சேர்த்து 11,500. காடியின் மேல் கோழிவலை அடித்துப் பூசச் சொன்னோம்; வலை இல்லாமல் பூசிய ஒரு மூலையில் மாதம் ஒன்று முடிவதற்குள் குழாய் போன வழியை அப்படியே வரைந்ததுபோல் விரிசல் ஓடியது. இடிபாட்டை அள்ளிப்போக 2,000. பெயின்டை நான் மொத்தத்தில் சேர்க்கவில்லை, ஆனால் சேர்க்காமல் தப்பிக்கவும் முடியாது. ஒட்டுப்போட்ட இடத்துக்கு மட்டும் அடித்தால் பழைய நிறத்துடன் சேராது. உட்புறம் முழுவதற்கும் 42,000 ஆயிற்று. ஆக, சுவரை வெட்டி, அடைத்து, அள்ளி, வண்ணமடித்த வகையில் மட்டும் 66,000 ரூபாய். வயரிங்குக்குக் கொடுத்த பாயிண்ட் கூலியை இது எங்கோ தாண்டிவிட்டது. வீட்டுக்கு எப்படியும் பெயின்ட் அடிக்கப் போகும் ஆண்டில் வயரிங்கையும் வைத்துக்கொண்டால் இதில் பெயின்டுக்கான 42,000 ரூபாய் மிச்சமாகும். அழகு பெரிதில்லை என்பவர் வீடு முழுவதுமே கேசிங்கில் ஓட்டிவிடலாம். பாதுகாப்பில் அதற்கும் இதற்கும் வேறுபாடில்லை, பிற்பாடு பழுது பார்ப்பதும் சுலபம். பழைய தேக்கு ரீப்பர்கள், சொல்லப்போனால், நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் வளையாமல் இருந்தன. தச்சர் ஒருவர் விலை கொடுத்து வாங்கிப்போனார்.

எங்களுடையது மூன்று ஃபேஸ் இணைப்பு. ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் பழைய சேஞ்ச் ஓவர் சுவிட்சை எடுத்துவிட்டு, ஃபேஸ் செலக்டர் உள்ள டி.பி. பெட்டி வைத்தோம்: 6,200. எம்.சி.பி. 12 எண்ணிக்கை, ஒன்று 210 வீதம் 2,520. மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அணைக்கும் முதன்மை நாலு போல் எம்.சி.பி. 1,600. மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் ஆர்.சி.சி.பி.யில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, 2 கிலோவாட்டுக்குக் குறைந்தவை தவிர மற்ற வீட்டு இணைப்புகளில் 30 மில்லி ஆம்பியருக்கு மிகாத கசிவுக் காப்பு இருக்க வேண்டும். வீடு முழுவதற்கும் ஒரே நாலு போல் ஆர்.சி.சி.பி. என்றால் 3,700, ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று இரண்டு-போல் ஆர்.சி.சி.பி. என்றால் 6,300. கூடுதல் 2,600 ரூபாய்க்கு, கீசரில் கசிவு வந்தால் கீசர் இருக்கும் பகுதி மட்டும் அணையும். ஃபிரிட்ஜும் கூடமும் ஓடும். மூன்றையே வைத்தோம். எம்.சி.பி. அதிகச் சுமையிலிருந்து வயரைக் காக்கிறது, ஆர்.சி.சி.பி. கசிவிலிருந்து ஆளைக் காக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இணைப்புக் கொடுத்த மாலையே ஒரு சிக்கல். பின்பக்கப் படுக்கையறை விளக்கைப் போட்டால் இரண்டு ஆர்.சி.சி.பி.கள் ஒன்றாக விழுந்தன. மெக்கர் வைத்தால் வயர்கள் சுத்தம், கசிவே இல்லை. ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே வேலை: ஃபேஸ் வழியாகப் போன மின்னோட்டம் அதே அளவு நியூட்ரல் வழியாகத் தன்னுள் திரும்புகிறதா என்று பார்ப்பது. மின்வெட்டுக்கான பேட்டரி இன்வெர்ட்டர் முதல் ஃபேஸின் பிளக்கில் இருந்தது. அதன் வெளியீடு படுக்கையறை விளக்குக்குப் போயிற்று. ஆனால் அந்த விளக்கின் நியூட்ரல் இரண்டாவது ஃபேஸின் நியூட்ரல் பட்டையில் முடிந்திருந்தது. ஒரு ஆர்.சி.சி.பி. வழியாகப் போன மின்னோட்டம் இன்னொன்றின் வழியாகத் திரும்பியதால், இரண்டுமே அதைக் கசிவாக எடுத்துக்கொண்டன. பழைய வீட்டில் எல்லா நியூட்ரலும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்ததாலும் ஆர்.சி.சி.பி.யே இல்லாததாலும் இது யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கிறது. இன்வெர்ட்டரில் ஓடும் சர்க்யூட்டுகளின் நியூட்ரல்களை மட்டும் பிரித்து, டி.பி.க்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியில் தனி லிங்க் (நியூட்ரல்களைச் சேர்க்கும் பட்டை) வைத்துச் சேர்த்து, இன்வெர்ட்டரின் வெளியீட்டு நியூட்ரலுடன் இணைத்ததும் சரியானது. பெட்டிக்கும் லிங்க்குக்கும் 950 ரூபாய். அதற்குத் தனிக் கூலி அவர் கேட்கவில்லை. டி.பி. வகை மொத்தம் 17,570 ஆயிற்று. இத்தகைய இடத்தில்தான் சிலர் “ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுது” என்று அதை பைபாஸ் செய்துவிட்டுப் போகிறார்கள்.

எர்த்துக்குப் பழைய குழாய் துருப்பிடித்துப் போயிருந்ததால் கொல்லையில் புதிதாகப் போட்டோம். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்றப் புனலும் மூடியுள்ள சிறு தொட்டியும். பள்ளம் தோண்டும் கூலியுடன் 6,800. காவிரிப் படுகையின் ஈர மண்ணுக்கு இதுவே போதும். பாறையான ஊர்களில் இருப்பவர்களுக்கு இதே வேலை இரட்டிப்பாகலாம். மீட்டருக்கு முன்னால் இருப்பது மின்வாரியத்தின் பொறுப்பு. சீலை நம் ஆள் தொடக்கூடாது. சுமையைக் கூட்டவோ ஒற்றை ஃபேஸை மூன்றாக மாற்றவோ வேண்டுமென்றால் அதற்கான கட்டணம் தனி. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

வேலை நடக்கும்போதே “இங்க ஒரு பிளக் இருந்தா நல்லாயிருக்கும்” என்று வீட்டார் சேர்த்தவை ஏழு பாயிண்ட், 3,500 ரூபாய். சதுர அடிக்குக் கணக்கிட்டால் மொத்தச் செலவு 173 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இந்த எண்ணை இன்னொரு வீட்டுக்கு அப்படியே பெருக்கிப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் வீட்டுப் பாயிண்டுகளையும், காடி எடுக்க வேண்டிய அடிகளையும் டேப் பிடித்து அளந்து போட்டால் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம்.

எஞ்சியிருப்பது வராண்டாவில் மின்சார ஸ்கூட்டருக்கு ஒரு சார்ஜிங் பாயிண்ட். டி.பி.யில் அதற்கென்று ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறோம். 4 அளவு வயர் பாதிச் சுருள் மீந்திருக்கிறது. தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட், மழைச்சாரல் படாத மூடியுள்ள பெட்டி, கேசிங், கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் என்று அதே எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்திருக்கிறார். சுவரை வெட்டும் வேலை இதில் இல்லை.